மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் தயார்

திண்டுக்கல்,
வைகாசி மாதம், வியாழக்கிழமை, 1986

சேவுகம்பட்டி சம்பந்தி பெருமாள்சாமி அவர்கள் சமூகத்துக்கு, திண்டுக்கல்லிலிருந்து பெண்ணைப் பெற்ற முத்துக்கிருஷ்ணன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் மனைவி சொர்ணலட்சுமியும், கல்யாணப்பெண் மாலதியும், எங்கள் அம்பாசிடர் காரும் சுகம். கார் சுகம் என்று இன்று காலையிலிருந்துதான் எழுத முடிகிறது. அங்கே தாங்களும் மாப்பிள்ளை சிவபிரகாஷும் மற்ற எல்லாரும் சுகமாயிருக்கப் பழனியாண்டவர் துணையிருப்பாராக.

நிச்சயதார்த்தத்தன்று தங்கள் தமக்கையார் ஒச்சம்மாள் சபையில் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். "மாப்ள அழைப்புக்கு வாடகைக் காரு பிடிச்சாப் போதும்யா. ஒங்க காருல ஏத்துனா எம் மருமகனே எறங்கித் தள்ளணும்" என்றார்கள். இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் மகளைக் கட்டப்போகிறவர் கோவிலிலிருந்து என் வீட்டுக்கு என் காரில்தான் வருவார், வாடகைக் கார் இந்தத் தெருவை எட்டிப் பார்க்கக்கூடாது என்று அங்கேயே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வாயை விட்டேனே தவிர, அப்புறம் எனக்கு ராத்தூக்கம் இல்லை.

அதனால் போன வாரமே ஓர் ஒத்திகை பார்த்தேன். ஒத்திகை என்றால் முழு ஒத்திகை. நிலக்கோட்டைச் செவ்வந்தியைத் தலையணை மொத்தத்துக்கு மாலையாகக் கட்டச் சொல்லி, காரின் முன்பக்கம் பூராவும் மறைகிற மாதிரித் தொங்கவிட்டு, நாதஸ்வரக்காரர் நடக்கிற நடைக்குத் தோதாக சொர்ணலட்சுமியை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே காரை உருட்டிக்கொண்டு வந்தேன், வெயிலோ கொளுத்துகிறது, ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழியையெல்லாம் பூ அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை யார் நினைத்தார்கள், பூ வாடுகிறதே என்றுதான் நான் வருத்தப்பட்டேன், பிரியாணிக்கடை முக்குத் திரும்பும்போது உள்ளே டப்பென்று ஒரு சத்தம், பின்னால் குபுகுபுவென்று வெள்ளைப் புகை, கடைக்காரர் வெளியே வந்து, "என்னண்ணே, தெருவுக்கே சாம்பிராணி போடுறீகளா?" என்று கேட்கிறார். சொர்ணலட்சுமி திரும்பிப் பார்த்தாள். "ஒத்திகையிலயே மானம் அம்புட்டும் போயிருச்சு, அன்னைக்குப் போறதுக்கு மிச்சமில்ல" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பேகம்பூர் அப்துல் ஜப்பார் பாயைக் கூட்டிவந்தேன். இந்த ஜில்லாவில் தன்னைப்போல மெக்கானிக் இல்லை என்று அவரே சொல்லுவார், வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கார்புரேட்டர்தான் குற்றவாளி என்று அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டு, ஒரு பகல் முழுக்க விசாரித்து, அது நிரபராதி என்று மாட்டினார். அப்புறம்தான் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் காபி நிறத்தில் வருகிறது! "அண்ணே, தண்ணி ஆயில்ல கலந்துருச்சு. ஹெட் கேஸ்கட் அவுட்டு" என்றார். எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறது, நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலையாம். சம்பந்திகளுக்கு நடுவே தரகர் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

மூடியைக் கழற்றி, கருகிய தகட்டை எடுத்து, ஒட்டியிருந்த மிச்சத்தை வீட்டுத் தோசைத் திருப்பியால் சுரண்டி (சொர்ணலட்சுமிக்குத் தெரியவேண்டாம்), புதுத் தகடும் வைத்தாயிற்று. இனி நட்டுகளை முறுக்க வேண்டியதுதான் பாக்கி. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்குமா? ஈசான மூலையில் தொடங்கினால்தான் எந்தக் காரியமும் விளங்கும் என்று திசை பார்த்து, அந்த மூலை நட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, அங்கிருந்து வரிசையாக இறுக்கிக்கொண்டே வந்துவிட்டேன். பாய் திரும்பி வந்து ஸ்டார்ட் பண்ணினார், எதிர் மூலையிலிருந்து வெந்நீர் பீய்ச்சி, கல்யாணத்துக்குக் காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் போய் விழுந்தது. "வீடா கட்டுறீக? நடுவுல பிடிச்சு அங்கிட்டும் இங்கிட்டுமா வெளிய போகணும்ணே! ஒரு ஓரத்த இறுக்குனா மறு ஓரம் தூக்காதா?" என்று பாய் குதித்தார். சொர்ணலட்சுமி வடகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்படி விறகுக்கட்டையைப் பார்த்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி புதுத் தகடு வாங்கி, நடுவிலிருந்து முறுக்கினோம். இன்று காலை முகூர்த்தக்கால் நடும் நல்ல நேரம். மாலையை இந்தத் தடவை காரின் கூரைமேல் போட்டேன். பந்தல்காரர் பாஸ்கல் மூங்கிலோடு வந்து, "எங்கய்யா நடட்டும்?" என்றார். காருக்கும் சேர்த்தே பூசை ஆகட்டும், கார் முன்னாலேயே நடுங்கள் என்றேன். பெண்கள் பாலூற்றிக் குலவை போட்டார்கள், அதே வினாடி பாய் சாவியைத் திருப்பினார், சம்பந்தி, எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டதே! புகையில்லை, ஒழுக்கில்லை, பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். குலவை தன் எஞ்சினுக்குத்தான் என்று நினைத்து பாய் எல்லாருக்கும் சலாம் வைத்தார். மாலதி வாய்விட்டுச் சிரித்தாள். சொர்ணலட்சுமியே, "பரவால்ல, காரியக்காரருதான்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் இன்றுதான் கேட்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே அடுத்த வெள்ளி மாப்பிள்ளை அழைப்புக்கு நம் காரே வரும். வாடகைக் கார் ஏதும் பேசியிருந்தால் இன்றே வேண்டாமென்று சொல்லிவிடவும். தங்கள் தமக்கையார் ஒச்சம்மாள் அவர்களுக்கு இக்கடிதத்தைச் சத்தமாகவும் நிதானமாகவும் வாசித்துக் காட்டவும். பெரியவர்களுக்கு நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
முத்துக்கிருஷ்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை நானே காரில் போய்த் தபாலில் சேர்க்கலாம் என்று கிளப்பினேன். முகூர்த்தக்கால் காம்பவுண்டு கேட்டுக்கு நட்டநடுவே நிற்கிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சைக்கிள் போகலாம். காருக்குப் பின்னால் சுவர். "நீங்கதானய்யா கார் முன்னால நடச் சொன்னீக" என்கிறார் பாஸ்கல். பாலூற்றி நட்ட காலைத் தாலி ஏறுமுன் அசைக்கக்கூடாது என்பது தாங்கள் அறியாததல்ல. அசைத்தால் விறகுக்கட்டை பேசும் என்கிறாள் சொர்ணலட்சுமி. ஆதலால் தாங்களே ஒரு வாடகைக் கார் பிடித்து மாப்பிள்ளையை அழைத்துவந்துவிடவும். மேலே எழுதியதை ஒச்சம்மாள் அவர்களுக்கு வாசிக்க வேண்டாம். வந்து இறங்கியதும் அவர்களை நேரே என் காருக்குக் கூட்டிவாருங்கள். முன்சீட்டில் உட்காரவைத்து, எஞ்சினைப் போட்டுக் காட்டுகிறேன்.