ரோமாபுரிக் காதலனுக்குச் சாட்சி தேடியவர்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கொல்லிமலைக்கு வந்தவர்களில், மிளகு கிலோ என்ன விலை என்று கேட்காத ஒரே மனிதர், பிற்பாடு நாங்கள் சாட்சிக்காரர் என்று பட்டப்பெயர் வைத்தவர்தான். அரியூர் நாட்டில் என் வீட்டுப் பின்அறையை வாடகைக்குப் பார்க்க வந்தவர், இதைக் கட்டியது யார் என்று கேட்டார். எங்கப்பா என்றேன். "கட்டும்போது நீங்க பார்த்தீங்களா?" என்றார். நான் அப்போது பிறக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, 'கேள்விப்பட்டது' என்று எழுதிக்கொண்டு, அறை பிடித்திருக்கிறது என்றார்.

சிறு வயதில் பாதிரியார் படிப்புக்குப் போய் லத்தீன் கற்று, பாதியிலேயே திரும்பி, மலைக்குக் கீழே ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலைக்காற்று மூச்சுக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் வந்தார். அது யார் என்பதற்கும் ஒரு சீட்டு வைத்திருந்தார்.

அவருடைய வேலை, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ரோமாபுரியில் காதல் பாட்டு எழுதிய ஒரு கவிஞனின் வாழ்க்கையை எழுதுவது. அந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. என் மனைவி 'அந்தப் பையன்' என்பாள். "ஏனுங்க சார், அந்தப் பையன் சமாச்சாரம் எதுவரைக்கும் வந்திருக்குதுங்க?" என்று கேட்டால், "இன்னும் பொறந்த ஊரே முடிவாகலைம்மா" என்பார். இருபது வருடமாக முடிவாகவில்லையாம்.

கஷ்டம் என்னவென்றால், அவனை நேரில் பார்த்துப் பேசியவர்கள் சொற்பம். கூட இருந்த ஒரு கவிஞர் போகிற போக்கில் பெயரைச் சொல்லியிருக்கிறார். நூறு வருடத்துக்கு மேல் கழித்துப் பிறந்த ஒருவர், அவன் மறைத்து வைத்த காதலியின் உண்மைப் பெயர் தனக்குத் தெரியும் என்கிறார். ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதி மூன்று பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். முதல் டப்பா பார்த்தவர்களுக்கு, இரண்டாவது கேட்டவர்களுக்கு, மூன்றாவது கதை கட்டியவர்களுக்கு. முதல் டப்பாவை ஆட்டினால் ஒன்றிரண்டு சீட்டுதான் சரசரக்கும். மூன்றாவதை மூட என்னைக் கூப்பிடுவார், நான் மேலே ஏறி உட்கார வேண்டும்.

அந்தப் பழக்கத்தை எங்கள் மேலும் காட்டினார். குரங்கு பலாப்பழத்தைத் தின்றுவிட்டது என்று என் மனைவி புலம்பினால், எந்தக் குரங்கு, பார்த்தது யார் என்று விசாரிப்பார். அந்தக் காலத்துச் சுவர் ஒன்றில் யாரோ ரோமாபுரிக்காரனின் பாட்டு வரியைக் கீறி வைத்ததுகூட ஒரு சாட்சியாம். அதனால் வாசலூர்பட்டி படகுத்துறைச் சுவரில் சுற்றுலா வந்தவர்கள் கீறிய காதல் பெயர்களையெல்லாம் ஒரு மதியம் முழுக்க நின்று எழுதினார். காவலாளி வந்து, எந்தப் பெண்ணைத் தேடுகிறீர்கள் பெரியவரே என்று கேட்டிருக்கிறார்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மகள் செல்வியின் கல்யாணத்தில் இடி விழுந்தது.

மாப்பிள்ளை சின்னராசு, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு அடிவாரத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்கு லோடு அடிக்கிறவன். இரண்டு பேருக்கும் பிடித்து, பாக்கு வெற்றிலையும் மாற்றியாயிற்று. பையனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடி, போனில் ஸ்டேட்டஸ் வைப்பான். கதவைச் சாத்திவிட்டாயே, வாசற்படியில் மழையில் நனைகிறேனே, கதவுக்காவது இரக்கம் இல்லையா என்று ஒரு பாட்டு. காலையில் அது பாட்டாக இருந்தது. மதியம் அடிவாரத்தில் அந்தக் கதவுக்கு ஒரு வீடு வந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் ஒரு பெண் வந்தாள். மறுநாள் அவளுக்கு இரண்டு குழந்தைகள்.

என் பங்காளி பெரியசாமி வந்து, இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடு என்றான். பாக்கு மாற்றிய பிறகு எங்கள் மலையில் சும்மா முறிக்க முடியாது. ஊர் கூடி, ஊர்க்கவுண்டர் முன்னால் பெண்ணைப் பெற்றவன் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். நான் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக்கூடக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவன். செல்வி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

சாட்சிக்காரர் விஷயத்தைக் கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு மூன்று நாள் மலை முழுக்கச் சுற்றினார். பெரியசாமிக்குச் சொன்னது டீக்கடைக்காரர். அவருக்குச் சொன்னது மினிபஸ் கண்டக்டர். கண்டக்டர் பார்த்தது ஸ்டேட்டஸ். திரும்பி வந்து குடையை மடக்கியபடி என்னிடம் சொன்னார்:

"மூணு சாட்சி இல்லை தம்பி. ஒரே பாட்டு, மூணு வாய்."

பெரியசாமி விடாததால் ஊர் கூடியது. அவன் பேசி முடித்தான். முறிக்க வேண்டாம் என்று சொல்ல நான் எழுந்தேன், வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாட்சிக்காரர் மூன்று டப்பாக்களோடு எழுந்தார். ரோமாபுரிக்காரனும் இப்படித்தான் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று பாடினான், அந்தக் காலத்தில் அங்கே பாட்டுக் கட்டியவன் எல்லாம் பாடினான் என்றார். "பாட்டுல அவன் பல தடவை செத்திருக்கான். தன் சாவுக்கு யார் அழணும்னுகூட எழுதி வச்சான். அப்புறமும் உட்கார்ந்து அடுத்த பாட்டை எழுதினான். பாட்டை வச்சு ஆளை எடை போட முடியுங்களா?"

ஊர்க்கவுண்டர் தாடையைத் தடவினார். "அதெல்லாம் செரிங்க. அந்தக் கதவு எங்கீங்க இருக்குது?"

சாட்சிக்காரர் டப்பாவைத் துழாவினார். "ரோமாபுரியில அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலீங்க" என்றார், தயக்கத்தோடு. சின்னராசு தலையைக் குனிந்துகொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல் அவன் அம்மாவைப் பார்த்தான்.

அந்த அம்மா எழுந்தது. "அது எங்க ஊட்டுக் கதவுதானுங்க சாமி. சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு நான் சாமை அறுக்கப் போயிட்டேன். மழை புடிச்சுக்கிச்சு. இந்தக் கிறுக்கன் பக்கத்து ஊட்டுல போயி ஒதுங்காம, வாசப்படியிலயே குந்தி நனைஞ்சுக்கிட்டுப் பாட்டுக் கட்டியிருக்கான்."

ஊரே சிரித்தது. பெரியசாமியும் சிரித்தான். சாட்சிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவிடம் போய், பூட்டியிருந்ததை நேரில் பார்த்தீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். "நாந்தானுங்களே பூட்டுனேன்" என்றது அந்த அம்மா. அவர் 'பார்த்தது' என்று எழுதி, அந்தச் சீட்டை முதல் டப்பாவில் போட்டார். ரோமாபுரிச் சீட்டுகளுக்கு நடுவே அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஊர்க்கவுண்டர் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி தானே தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். மூன்று நாள் பசிக்குச் சாப்பிட்டாள். அதுவரை தன் அறையில் தானே பொங்கிச் சாப்பிட்டு வந்த சாட்சிக்காரரை என் மனைவி அன்று விடவில்லை, எங்களோடு உட்கார வைத்தாள். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஐந்து வருடமாக அவரைச் 'சார்' என்று மட்டுமே கூப்பிட்டவன், சாமைச் சோற்றுப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கண்ணா" என்றேன்.