முந்நூற்றைம்பது ரூபாய் சாஃப்ட்வேரும் மாட்டுத் தீவனமும்

ஸ்ரீரங்கம்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

கலைமதி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அவரும் பாப்பாவும் நலம். சித்தியின் முழங்கால் இப்போது தேவலையா? சாஃப்ட்வேர் வாங்கியாயிற்றா என்று நீங்கள் கேட்டு மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். கே.கே. நகரில் உங்கள் வீட்டுக்கு பஸ் ஏறினால் நேரிலேயே சொல்லிவிடலாம்தான். நேரில் சொல்லும் விஷயமாக இல்லை.

கைடு கம்பெனிக்குக் கேள்வித்தாள் டைப் செய்யும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தபோது, "சாஃப்ட்வேரை மட்டும் ஒரிஜினலா வாங்கும்மா" என்று சொன்னீர்கள். நான் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் பாலுவிடம் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். ஆயுசுக்கும் ஓடும் என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் அனுப்பினார், போட்டதும் எல்லாம் திறந்தது, பாப்பா தூங்கும் நேரத்தில் எட்டாம் வகுப்பு அறிவியலில் இருபது தாள் முடித்துவிட்டேன், இருபத்தோராவது அடிக்கும்போது ஒரு மெயில் வந்தது. மொழி புரியவில்லை. மொழிபெயர்த்துப் பார்த்தால், பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டின் விவசாயக் கல்லூரி, நான் அங்கே இரண்டாம் ஆண்டு மாணவியாம், பெயர் எலினாவாம், வருகைப் பதிவு நாற்பத்தொன்று சதவீதமாம். பாலு விற்றது சாஃப்ட்வேர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் காலேஜ் கணக்கு. போன் செய்து கேட்டால், "மெயிலைப் பார்க்கவா காசு கொடுத்தீங்க அக்கா? கண்டுக்காதீங்க" என்றார்.

கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை, சித்தப்பா. காய்ச்சலோடு போய்க் கடைசி பெஞ்சில் தலை சாய்த்துக்கொண்டாவது தொண்ணூற்றாறு சதவீதம் வைத்திருந்தவள் நான். நாற்பத்தொன்றைப் பார்த்த அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த மெயிலில், கறவை மாட்டின் குளிர்காலத் தீவனம் பற்றி வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை தராவிட்டால் கணக்கை முடக்குவோம் என்று எழுதியிருந்தார்கள். முடக்கினால் மீதித் தாளை அடிக்க முடியாது, அடித்ததும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், திங்கட்கிழமை கொடுக்க ஒன்றும் இருக்காது, வேலையும் போயிடும், உங்க பேரும் கெடும். வேற வழியில்லாம மணப்பாறைக்கு, என் மாமனாருக்கு போன் போட்டேன். வாரம் தவறாமல் மாட்டுச் சந்தைக்குப் போகிறவர். "ஏம்மா, மாடு வாங்கப் போறியா? மூணாவது மாடியில எங்க கட்டுவே?" என்று கேட்டார். சும்மா தெரிஞ்சுக்கத்தான் மாமா என்றேன். முக்கால் மணி நேரம் சொன்னார், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுதிக்கொண்டேன், அதை அவங்க பாஷைக்கு மாத்தி வியாழக்கிழமையே அனுப்பிட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. இந்த வகுப்பில் மாட்டை நேரில் பார்த்து எழுதியவர் நீங்கள் ஒருவர்தான் என்று பேராசிரியர் குறிப்பு போட்டிருக்கிறார். மாமாவிடம் இதைச் சொல்லவும் முடியவில்லை.

செய்தது தப்பு. கேள்வித்தாள்களை முடித்துப் பென்டிரைவில் எடுத்து கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை நீங்கள் வந்தால், கூடவே வந்து, பில் போடும் கடையில் ஒரிஜினலே வாங்கிவிடுகிறேன். அதற்கப்புறம் அந்தக் கணக்கின் பக்கமே போக மாட்டேன். சித்திக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு உங்கள் இருவரின் ஆசியும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்
கலைமதி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அந்த எலினாவே மெயில் அனுப்பியிருக்கிறாள். பாஸ்வேர்டை மாற்றத்தான் உள்ளே வந்தாளாம், மார்க்கைப் பார்த்து நின்றுவிட்டாளாம். நீங்கள் யாராக இருந்தாலும் சரி, மே மாதப் பரீட்சை வரை போய்விடாதீர்கள் என்று கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை வர வேண்டாம், சித்தப்பா. அன்றைக்குக் கன்று பராமரிப்புக் கட்டுரை இருக்கிறது. மாமாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் எழுதி வைத்துவிட்டேன்.