பெரியவரின் செவுளில் வெள்ளைப் புள்ளி

அன்பும் மரியாதையும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம். மீன் நலமா என்பது போகப் போகத் தெரியும். கடிதத்தை என் மகள் கண்ணில் படாமல் படிக்கவும். கல்லூரி நாளிலிருந்து அவள் 'பெரியவர்' என்று பெயர் வைத்து வளர்த்த தங்கமீன் அது. வேலை மாற்றலாகிப் போகும்போது, "அப்பா, பெரியவர் பத்திரம்" என்று கண் கலங்கினாள். உங்கள் கையில் அவளை ஒப்படைத்தபோதுகூட அவ்வளவு கலங்கவில்லை.

தொட்டியில் நீங்கள் ஒட்டிய விதிகள் இரண்டு. புது மீன் வாங்கக் கூடாது. வாங்கினால், ஒட்டுண்ணி இருக்கக்கூடும், நான்கு வாரம் தனியே வைக்க வேண்டும். முதல் விதியை மீறினேன். பெரியவர் ஒண்டிக்கட்டையாகச் சுற்றுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆனால் இரண்டாம் விதியில், முப்பத்தெட்டு வருடம் கிடங்குக் கண்காணிப்பாளராக இருந்த என்னை எவனும் குறை சொல்ல முடியாது. குளியலறையில் பிளாஸ்டிக் டப்பா, தனி வலை, தண்ணீர் மொள்ளத் தனி மக்கு, கதவில் 'புது வரவு' என்று தாள். சோப்பு நுரை தெறிக்கக் கூடாதென்று நாங்கள் மூலையில் குந்திக் குளித்தோம். "மீனுக்கு மரியாதை, எனக்கு மூலையா?" என்றாள் அத்தை. பதினோராம் நாள் பார்த்தால், புதுமீன் பளபளவென்று இருக்கிறது, அதன் முகத்தையே பார்க்காத பெரியவரின் செவுளில் வெள்ளைப் புள்ளிகள்! விசாரித்ததில், "ஒரே ஒரு தடவைங்க, அந்த மக்குலதான் பெரிய தொட்டிக்குத் தண்ணி மொண்டு ஊத்தினேன்" என்றாள் அத்தை. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இருந்ததாகச் சொன்னாள்.

நோயாளி டப்பாவுக்கு வந்தார். புதுமீன் சமையல் அண்டாவுக்குப் போனது. உப்பு, சூடேற்றி, நீல மருந்து எல்லாம் போட்டேன். மருந்து மீனைவிட என்னைத்தான் நன்றாகப் பிடித்தது. பக்கத்து வீட்டு டாக்டர் நீலம் பாரித்த என் நகங்களைப் பார்த்ததும், "மாமா, உக்காருங்க, மூச்சு விட முடியுதா?" என்று மார்பில் கருவியை வைத்துவிட்டார். "எனக்கில்லைப்பா, மீனுக்கு" என்றேன். அவர் என் தலையையும் சோதித்தார்.

பதினேழு நாளாயிற்று. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. பெரியவர் இரை தொடாமல் என்னையே பார்க்கிறார். மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். நடக்கக் கூடாதது நடந்தால் அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். எனக்குத் தைரியம் இல்லை. இருவரும் ஒரு குறையுமின்றி வாழ்க.

இப்படிக்கு,
பத்திரம் என்றால் என்னவென்று தெரியாத மாமனார்

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் மனசு கேளாமல் வண்ணமீன் கடைக்காரரை வீட்டுக்கு இழுத்து வந்தேன். பார்த்ததும் சிரித்தார். "நோயா? ஐயா, இது ஆண் மீனு. ஜோடி சேர்ற பருவம் வந்தா செவுள்ல இப்படித்தான் புள்ளி வரும். நீங்க வாங்கிட்டுப் போனது பொண்ணு. அது இருந்த தண்ணி ஒரு மக்கு போனாலே போதும், வாசம் புடிச்சிருவாரு. மாப்பிள்ளைக் களை வந்தவரப் புடிச்சு உப்புத்தண்ணியில உக்கார வெச்சிருக்கீங்களே!" அன்றோடு உங்கள் நான்கு வாரமும் முடிந்திருந்ததால் இரண்டையும் பெரிய தொட்டியில் விட்டோம். அது நான்கு நாளைக்கு முன். இன்று காலை செடியெல்லாம் முட்டை. கடிதத்தை மகளிடம் தாராளமாகக் காட்டுங்கள், பெரியவர் வீட்டில் விசேஷம் என்று சொல்லுங்கள். அப்பனே முட்டையைத் தின்றுவிடுவானாம், அதனால் செடியோடு எடுத்து டப்பாவில் வைத்திருக்கிறேன். அத்தை டாக்டர் வீட்டில் குளிக்கிறாள். குளியலறைக் கதவில் 'புது வரவு' என்ற தாள் அப்படியே இருக்கிறது, மாற்றி எழுதும் வேலை மிச்சம்.