எலும்பு ராஜாவின் லிப்டும் என் கையெழுத்தும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். உங்கள் மகள் எங்களைவிடச் சுகம். என் வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அது ஏன் என்பது கீழே வரும். அங்கே உங்களுக்கும் என் தங்கைக்கும் இதற்குள் பேச்சுவார்த்தை திரும்பியிருக்கும் என்று நம்புகிறேன்.

பதினைந்து வயசுப் பிள்ளை பேயோடும் பிணத்தோடும் வாள் சுழற்றுவதா என்று நீங்களும், பிறந்தநாளுக்கு அந்த விளையாட்டை வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தானே என்று தங்கையும் மூன்று வாரம் மல்லுக்கட்டி, கடைசியில் விளையாட்டு மிஷினையும் பிள்ளையையும் லீவுக்கு என் வீட்டில் இறக்கிவிட்டீர்கள். "மச்சான், ஒரு வாரம் கூடவே உக்காந்து பாருங்க. இது இவ வயசுக்குத் தகுமா தகாதான்னு எழுத்துல கொடுங்க. தகாதுன்னா மிஷினோட பரண்மேல போயிடும், இவ காலேஜ் சேர்ற வரைக்கும் இறங்காது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வாயாடி என்று நாம் பட்டப்பெயர் வைத்த பிள்ளை அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். தினமும் சாயங்காலம் இந்த விளையாட்டுக்குள்தான் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்கிறார்களாம். இதை அவள் சொல்லி நான் தெரிந்துகொள்ளவே இரண்டு நாள் ஆயிற்று.

நான் முப்பத்தொரு வருஷம் லிப்ட் பரிசோதகராக இருந்தவன். பார்க்காமல் கையெழுத்துப் போட்ட லிப்ட் ஒன்றுகூடக் கிடையாது. இந்தப் பெருமையை முதல் நாளே அவளிடம் அரைமணி நேரம் அளந்தேன். பாவம், கொட்டாவி விடாமல் கேட்டாள். பிறகு வழக்கம்போல வெளியிலிருந்து தொடங்கினேன். விளையாட்டுத் தகடு வந்த பெட்டியின் முன்பக்கம் வாள் ஒன்று, மண்டையோடு நான்கு. பின்பக்கம் மூலையில் பிள்ளை தன் நோட்டுப்புத்தக லேபிள் ஒன்றை, பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் எழுதி, நூல் பிடித்த மாதிரி நேராக ஒட்டியிருக்கிறாள். தன் பொருளில் இத்தனை அக்கறை உள்ள பிள்ளை எப்படிக் கெட்டுப்போகும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

உள்ளே போனால், அப்பப்பா, கும்மிருட்டு! மாளிகை முழுக்க ஒரு படிக்கட்டுக்குக்கூடக் கைப்பிடி இல்லை. எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே தீப்பந்தம் எரிகிறது. நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒருத்தன் வந்து என் தலையைச் சீவிவிட்டான். "மாமா, நோட்டைப் போட்டுட்டு ஓடுங்க!" என்று இவள் கத்துகிறாள். "இரும்மா, இன்னும் ரெண்டு மாடி பாக்கி இருக்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் சீவிவிட்டான். அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை செத்தேன். கட்டைவிரல் வீங்கியதும் அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரி காய் நறுக்கிக்கொண்டே, "இன்னிக்கு இது எத்தனாவது சாவு?" என்று விசாரிக்கும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

ரத்தம் இருக்கிறது மாப்பிள்ளை, நான் மறைக்கப் போவதில்லை. ஆட்களைக் கொன்று அடுக்கிய ஒரு கிணறு வந்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. "இந்த இடம் மட்டும் கண்ணை மூடிக்குங்க மாமா, நான் தாண்டி விடறேன்" என்றாள். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தாண்டினாள். இதைச் சிறு குறை என்று எழுதி மேலே போனேன்.

இனிமேல்தான் விஷயமே. மாளிகையின் அடியில் எலும்பு ராஜா என்று ஒருவன். உங்கள் மகளும் தோழியும் பத்தொன்பது தடவை அவனிடம் தோற்றிருக்கிறார்கள். அவனிடம் போக ஒரு லிப்ட் இருக்கிறது. ஆமாம், லிப்ட்! சங்கிலியில் தொங்கும் இரும்புக் கூண்டு. எல்லோரும் அதில் ஏறி இறங்குவார்கள்; கதவு திறந்ததுமே ராஜா கோடாலியால் ஒரே போடு. இவள் என்னையும் ஏறச் சொன்னாள். நான் சங்கிலியை அண்ணாந்து பார்த்தேன். துரு. எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகை இல்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை. "இதுல நான் ஏற மாட்டேன்" என்றேன். "ஐயோ மாமா, இது விளையாட்டு!" "இருக்கட்டும். லிப்ட் லிப்ட்தான்."

படிக்கட்டைத் தேடினேன். லிப்ட் என்று இருந்தால் பக்கத்தில் படிக்கட்டு இருந்தே ஆகவேண்டும். ஒரு கிழிந்த திரைக்குப் பின்னால் இருந்தது! நானூற்றுச் சொச்சம் படி. இறங்கி முடிக்கையில் ராஜாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சக்கர அறைக்குள் வந்து நிற்கிறேன். அவன் மடையன் மாதிரி லிப்ட் கூண்டுக்கு நேர் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான். என் முன்னால் லிப்டின் பிரேக்கை விடுவிக்கும் பிடி. முப்பத்தொரு வருஷமாகத் தொடாதே, தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே பிடி. இழுத்தேன் மாப்பிள்ளை! கூண்டு தடதடவென்று இறங்கி நேரே அவன் மண்டையில் விழுந்தது. எலும்பு எண்ணக்கூட மிஞ்சவில்லை. வாயாடி சோபாவிலிருந்து எகிறிக் குதித்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் தோழி கூச்சல் போடுவது மிஷின் வழியாகக் கேட்டது. என் வீட்டுக்காரி காயை விட்டுவிட்டு ஓடிவந்து, "யாரு செத்தது?" என்றாள். "இந்தத் தடவை நான் இல்லை" என்றேன்.

ஆகவே நான் எழுத்துமூலம் தெரிவிப்பது என்னவென்றால், மேற்படி விளையாட்டு பொறுமையையும் கூட்டாக யோசிப்பதையும் வளர்க்கிறது. வெளியாட்கள் யாரும் நுழைவதில்லை. பதினைந்து வயசுப் பிள்ளைக்குத் தாராளமாகத் தகும். மிஷினைப் பரணில் ஏற்ற வேண்டாம். கீழே என் கையெழுத்து.

தங்கைக்கு என் ஆசியைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் சண்டை போட வேண்டும்.

இப்படிக்கு,
எலும்பு ராஜாவை வென்ற உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே உள்ள சான்று செல்லாது.

கவரை ஒட்டப் போகும்போது வாயாடி அந்த விளையாட்டுப் பெட்டியோடு வந்து நின்றாள். "மாமா, கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்றாள். "போட்டாச்சு, ராணி மாதிரி ஊருக்குப் போ" என்றேன். அவள் அந்த நோட்டுப்புத்தக லேபிளை நகத்தால் சுரண்டி உரித்தாள். அடியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பதினெட்டு. பதினெட்டு வயசுக்குக் கீழே யாரும் தொடக்கூடாதாம். "நீங்க பார்க்காம கையெழுத்துப் போட்டதே இல்லைன்னு சொன்னீங்கல்ல. என்னால அது கெட வேணாம்" என்றாள். "ஏண்டி, இன்னும் அஞ்சு நிமிஷம் சும்மா இருந்திருந்தா கவர் போயிருக்குமே!" என்றேன். அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் எழுத்து தெரியவில்லை. அதனால்தான் இந்த இடத்தில் மை கலைந்திருக்கிறது.

எனவே புதுத் தீர்ப்பு. விளையாட்டு தேறவில்லை. அந்தக் கிணறு சிறு குறை இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். மூன்று வருஷம் அந்தத் தகடும் பெட்டியும் என் பீரோவில் இருக்கும். பிள்ளை முதல் வகுப்பில் தேறிவிட்டாள், அதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன். மிஷின் அவளோடு வீட்டுக்கு வரும், பரணுக்குப் போகாது. அவளும் தோழியும் சாயங்காலம் விளையாட வேறு ஒன்றை நானே பரிசோதித்து அனுப்புகிறேன், இந்தத் தடவை பின்பக்கத்திலிருந்து தொடங்கி.

ஒரு சின்னச் சந்தேகம், மாப்பிள்ளை. லேபிள் ஒட்டியது பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதானாம். கடையில் நீங்கள் இதைப் பிறந்தநாள் பரிசென்று எடுத்தபோது அந்த வட்டம் பளிச்சென்றுதான் இருந்திருக்கும். தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை.