காற்றுப் படகின் முன் இருக்கை

அன்புள்ள என் மனைவிக்கு,

நான் இங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறேன். அங்கே நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டில் எல்லாம் நீ விட்டுப்போன இடத்தில் அப்படியே இருக்கின்றன, பால்கனிச் செடிகளில் இரண்டைத் தவிர. அவை தண்ணீர் ஊற்றாமல் செத்தன என்று நினைத்துவிடாதே. ஊற்றியதால் செத்தன என்று கீழ்வீட்டு டீச்சர் அபிப்பிராயப்படுகிறார்.

தினமும் வீடியோவில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ கேட்பாய். பேசுவது யார் என்று யோசித்துப் பார். மகள் போனைப் பேத்தியின் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். அவள் அதைப் பிடுங்கி வாயில் வைக்கிறாள். அப்புறம் எனக்குத் தெரிவதெல்லாம் ஒரு நெற்றியும் உங்கள் வீட்டு மின்விசிறியும்தான். உன் குரல் சமையலறையிலிருந்து "சாப்டாச்சான்னு கேளு" என்கிறது. "ஆச்சுன்னு சொல்லு" என்று நான் சொல்கிறேன். பதினோரு மாதமாக நாம் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இன்று சொல்லவேண்டிய விஷயம் நீளமானது, மகள் காதில் விழக்கூடாதது. ஆகவே உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

நான் ஒரு படகு வாங்கிவிட்டேன்.

பயப்படாதே, மரப்படகு இல்லை. காற்றடைக்கிற படகு. கயாக் என்று பெயர். காற்றை இறக்கினால் மடித்துப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் இருப்பவன் வேறு எந்தப் படகை வாங்க முடியும், சொல். முப்பத்தொரு வருஷம் ஊரிலுள்ளவர்களின் லிஃப்ட்டையெல்லாம் பழுது பார்த்துவிட்டு இப்படி ஒரு வீட்டில் குடியிருக்கிறாரே என்று உன் அண்ணன் இன்னும் சிரிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். மேலும் கீழுமாகவே போய்வந்தவனுக்கு ஒரு தடவையாவது நேராகப் போகவேண்டும் என்று ஆசை வருவதில் தப்பில்லை. ஆனால் காரணம் அது இல்லை. காரணம் உனக்கும் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் வாடகைப் படகுக்கு வரிசையில் நின்றோமே. நமக்கு முன்னால் நான்கு பேர்தான் இருந்தார்கள். நீ இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு எந்தப் படகு நமக்கு வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தாய், பச்சையா மஞ்சளா என்று. அப்போது பார்த்து எங்கள் சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஸ்ட்ரெச்சரோடு ஒரு நோயாளி என்றார். நான் போய்விட்டேன். திரும்பி வரும்போது படகுகளையெல்லாம் கரையில் இழுத்துப் போட்டுச் சங்கிலி கட்டியிருந்தார்கள். நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். "அந்த ஆளு நல்லா இருக்காரா" என்று நோயாளியைப் பற்றித்தான் முதலில் கேட்டாய். அப்புறம் "பரவாயில்லைங்க, ஏரி எங்க போயிடப் போகுது" என்றாய். ஏரி எங்கேயும் போகவில்லை. நாம்தான் போகவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த லீவு, மகள் பரீட்சை முடியட்டும், நான் ரிட்டயர் ஆகட்டும். ரிட்டயர் ஆன மூன்றாம் மாதம் மகளுக்குப் பிரசவம் என்று நீ புறப்பட்டுவிட்டாய்.

போன மாதம் காலை நடைக்கு ஏரிப்பக்கம் போனபோது ஒரு பலகை மாட்டியிருந்தது. வாடகைப் படகு இனி கிடையாது, சொந்தமாகக் கொண்டுவருபவர்கள் காவலரிடம் பெயர் பதிந்துவிட்டு இறங்கலாம் என்று. நான் அதை மூன்று தடவை படித்தேன். நேரே கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் இருந்த பெண்ணுக்கு நம் மகள் வயதிருக்கும், தோள் மட்டும் என் இரண்டு மடங்கு. படகுப் போட்டிக்கெல்லாம் போனவளாம். நல்ல மெக்கானிக் கேட்பது மாதிரி கேள்வி கேட்டாள். ஓடுகிற தண்ணீரா, நிற்கிற தண்ணீரா? காரா, பஸ்ஸா? வீட்டில் எத்தனை படி ஏறணும்? எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன். கடைசியாக, "எத்தனை பேர் உக்காருவீங்க சார்" என்றாள். அதற்கு மட்டும் பதிலாக, பம்ப் என்ன விலை என்று கேட்டேன்.

அவள் இரண்டு படகுகளை விரித்துக் காட்டினாள். ஒன்று ஒருவர் உட்காருவது. ஒன்பது கிலோ, ஒல்லியானது, நேராகப் போகும். இன்னொன்று இருவர் உட்காருவது. பதினைந்து கிலோ, அகலம், நிதானமானது. "ரெண்டாவது ஆள் எப்பவாச்சும்தான் வருவாங்கன்னா ஒத்தையே எடுங்க. காலி சீட்டோட போனா படகு சொன்ன பேச்சு கேக்காது" என்றாள்.

"ரெண்டு பேர்தான்" என்றேன்.

"அவங்க எப்ப வருவாங்க?"

"வந்துடுவாங்க" என்றேன். பதினோரு மாதமாகப் பால்காரரிடமும் டீச்சரிடமும் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. அடுத்து உன் எடையைக் கேட்டாள். இங்கேதான் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபப்படாதே. லிஃப்ட்டில் ஒட்டியிருக்குமே, இத்தனை பேர், இத்தனை கிலோ என்று. அந்தக் கணக்கில் ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ. வேறு எதுவும் தோன்றாமல் உன்னையும் அறுபத்தெட்டு என்று சொல்லிவிட்டேன். அது நீ இல்லை, விதிமுறை. லைஃப் ஜாக்கெட்டுக்கு உன் மார்பளவு கேட்டாள். அதைக் கடையில் வைத்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, உண்மையில் தெரியவும் தெரியாது. வீட்டுக்கு வந்து லிஃப்ட் குழி அளக்கிற இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு உன் பீரோவைத் திறந்தேன். நீ விட்டுப்போன நீலச் சட்டையைக் கட்டிலில் விரித்து அளந்தேன். அதில் உன் வாசனை இருக்கும் என்று நினைத்தேன். பீரோ வாசனைதான் இருந்தது. அதற்கப்புறம் மறுபடி அளக்கவேண்டியதாகிவிட்டது, முதல் தடவை அளந்தது மறந்துபோயிற்று.

படகு வந்த அன்று அதை ஹாலில் ஊதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பையின் நீளத்தை அளந்தேனே தவிர படகின் நீளத்தை அளக்கவில்லை. இது என் தொழிலுக்கே அவமானம், வெளியே சொல்லாதே. பம்ப்பின் கைப்பிடியை ஏற்றினாலும் காற்று, இறக்கினாலும் காற்று, ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் ஊதினேன், வலது பக்கம் ஊதினேன், அடித்தளத்தையும் ஊதினேன், அது பலகை மாதிரி கெட்டியாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் படகின் மூக்கு சமையலறைக்குள் நுழைந்து அடுப்பு மேடையை முட்டிக்கொண்டு நிற்கிறது, வால் படுக்கையறைக் கதவை அடைத்துக்கொண்டிருக்கிறது. நடுவே சுவரோரம் நான். வாசல் கதவு அந்தப் பக்கம், உள்பக்கமாகத் திறக்கிற அதைப் படகின் விலா அழுத்திக்கொண்டிருக்கிறது, காற்று இறக்குகிற மூடி சோபாவுக்கும் படகுக்கும் இடையே எங்கேயோ. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேரை லிஃப்ட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்திருப்பேன். இப்போது என் ஹாலிலேயே நான் மாட்டிக்கொண்டேன். மாட்டியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: "பதறாதீங்க, கீழ உக்காருங்க, மூச்சு விடுங்க, ஆள் வந்துட்டிருக்கு." அதையே எனக்கும் சொல்லிக்கொண்டு படகில் ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகு இறங்கத் தோன்றவில்லை. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து முன் இருக்கையில் விழுந்தது. அங்கே நீ உட்கார்ந்தால் உன் பின்னங்கழுத்துதான் எனக்குத் தெரியும். உன் முகம் தெரியாது. அதுவே போதும் என்று இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு டீச்சர். என்னமோ இழுக்கிற சத்தம் கேட்டதாம்.

"கதவைத் திறங்க சார்."

"திறக்க வழியில்லை டீச்சர். படகு குறுக்க இருக்கு."

அப்புறம், "உடம்பு ஏதாவது முடியலையா சார்" என்றார், மிகவும் மெதுவாக.

விவரத்தை விளக்கினேன். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவர், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே பாடம் நடத்தினார். "ஊதினது உள்ள இருந்துதானே? இறக்குறதும் உள்ள இருந்துதான். சோபாவைப் பின்னாடி தள்ளுங்க, கையை விட்டு மூடியைத் தேடுங்க." தேடினேன், கிடைத்தது, திருகினேன். படகு விட்ட பெருமூச்சு நான்கு மாடிக்கும் கேட்டிருக்கும். உன்னிடம் எதையும் மறைத்ததில்லை. அந்தப் பெருமூச்சில் பாதி என்னுடையது.

அடுத்த நாள் காலை ஏரிக்குப் போனேன். காவலர் நோட்டில் என் பெயரைப் பதிந்துவிட்டுப் படகைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீரில் இறக்கி ஏறினேன். நான் பின்னால் உட்கார்ந்ததும் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. காற்று அந்த மூக்கைப் பிடித்து வலது பக்கம் திருப்பியது. நான் துடுப்பை இடது பக்கம் போட்டால் இன்னும் வேகமாக வலது பக்கம் திரும்பியது. கரையிலிருந்து பத்தடி தூரத்தில் இருபது நிமிஷம் செக்குமாடு மாதிரி சுற்றினேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரு சுற்று முடித்து வரும்போதெல்லாம் நானும் ஒரு சுற்று முடித்திருந்தேன். கடைசியில் காவலர் கையைக் குவித்துக் கூப்பிட்டார். "சார், அடியில மாட்டுற ஃபின் எங்க?" படகை நேராக வைக்கிற அந்தச் சின்னத் தகடு பையிலேயே இருந்தது. "அதுவும் மாட்டுங்க. முன்னாடி ஏதாவது வெயிட்டும் வையுங்க. காலியா விட்டா இப்படித்தான் தட்டாமாலை சுத்தும்."

மறுநாள் ஃபின்னை மாட்டினேன். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை நிரப்பி முன் இருக்கையில் வைத்து, உருண்டுவிடாமல் உன் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் கொக்கியைப் பூட்டினேன். அளவு சரியாக இல்லை, கேன் கொஞ்சம் ஒல்லி.

"தண்ணியில போறதுக்குத் தண்ணியா சார்" என்றார் காவலர். சொல்லிவிட்டு அவரே கேனை நேராக நிமிர்த்தி வைத்தார்.

படகு நேராகப் போயிற்று. நிஜமாகவே நேராக. இடது, வலது, இடது, வலது என்று போட்டுக்கொண்டே ஏரியின் நடுவுக்குப் போய்விட்டேன். அங்கே போய்ப் பார்த்தால் ஊர் சத்தமே இல்லை. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான் கேட்கிறது. கரை முழுக்கச் சின்னதாக, யாரோ மேஜையில் அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது, நம் கட்டிடமும் தெரிகிறது. பக்கத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. "பாத்தியா" என்றேன், சத்தமாக. முன்னால் இருந்தது கேன். ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் ரொம்ப நேரம் துடுப்பைப் போடாமல் விட்டுவிட்டேன். கரைக்கு வந்ததும் காவலர், "நடுவுல யாரோட பேசிட்டிருந்தீங்க" என்றார். "கேனோட" என்றேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். "எங்க வீட்லயும் ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பி என் பெயருக்கு எதிரே திரும்பிய நேரத்தை எழுதினார்.

எனவே தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கிழிசல் இல்லாமல் இருந்தால் முப்பது நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை இதைக் கொடுத்துவிட்டு ஒருவர் உட்காருகிற படகை வாங்கிக்கொள்கிறேன். கேனை மூன்று மாடி தூக்கி இறக்குவதும் மிச்சம். அதற்காக நீ எதையும் நினைத்துக்கொள்ளாதே. மகள் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள், நீ இல்லாமல் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரிதான் இருக்கும். பேத்தி நடக்கட்டும், பேசட்டும், பள்ளிக்கூடம் போகட்டும். எனக்கு இங்கே ஒரு சிரமமும் இல்லை. அவசரப்பட்டுப் புறப்படவேண்டாம். நானும் அங்கே வரலாம்தான், ஆனால் இருக்கிற ஒரே அறையில் நானும் வந்தால் மாப்பிள்ளை பால்கனியில் படுக்கவேண்டியிருக்கும். நல்ல பிள்ளை, அவரை அப்படிச் செய்யக்கூடாது.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்திக்குத் தாத்தாவின் முத்தங்கள், போனைக் கடிக்காத நேரத்தில் கொடுக்கவும். உனக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் கணவன்

பின்குறிப்பு: இதை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாளாகத் திரிகிறேன். சனிக்கிழமை வந்தது, போயிற்று. நான் கடைக்குப் போகவில்லை. 'அவசரப்பட்டுப் புறப்படவேண்டாம்' என்று எழுதிய தாளை மட்டும் கிழித்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். அதன் மறுபக்கத்தில் ஏரி நடுவுக்குப் போன கதை இருக்கிறது, அதை இன்னொரு தடவை எழுத எனக்கு வராது. அதனால் 'புறப்படவேண்டாம்' என்கிற பக்கத்தை மட்டும் படித்ததாக வைத்துக்கொள்ளாதே. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு என்றுதான் இத்தனை நாளும் சொன்னேன். வா என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. கேட்டால் வருவாயோ மாட்டாயோ என்று பயம். இப்போது கேட்கிறேன். வந்துவிடு. ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாலும் சரி, வந்துவிடு. மகளிடம் என்ன காரணம் சொல்வது என்று தெரியாவிட்டால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். முழுப் பொய்யாக இருக்காது.