சாமியாகிப்போன எச்சரிக்கைப் பலகை

எழுத்துரு வடிவமைக்கப் படிக்கிற மாணவனிடம் உயிர் போகிற காரியம் எதையும் எழுதக் கொடுக்காதீர்கள். கல்யாண பேனர் கொடுக்கலாம். மிஞ்சிப்போனால் ஆட்கள் மண்டபம் மாறிப் போவார்கள். எங்கள் லயத்து மக்கள் என்னிடம் ஒரு மலையைக் கொடுத்தார்கள்.

அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். தலைப்புகளுக்கும் பலகைகளுக்கும் ஏற்ற பெரிய எழுத்து ஒன்றை வரைவதுதான் இறுதி வேலை. வாசிக்கும் முன்பே எழுத்து நெஞ்சில் தைக்க வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். நான் ஹல்துமுல்லைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். மழை என்றால் மண் சரியும் ஊர். ஆகவே என் எழுத்துக்குச் 'சரிவு' என்று பெயர் வைத்தேன். ஒவ்வோர் எழுத்தும் தலை பெருத்து, இடுப்பில் விரிசல் விட்டு, கால் கீழ்நோக்கி ஒழுகும். புள்ளிகள் கல்லாக உருளும். (பார்த்த அறைத்தோழன் பாம்பா என்று கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.)

விடுமுறைக்கு வந்தபோது எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மலை வெடிப்பு விட்டிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, வெடிப்புக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, மழை வலுத்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். பலகை பிறகு வரும் என்றும் சொன்னார்கள். பலகைக்கு முன்னால் மலை வந்துவிடும் என்று தோட்டத் தலைவர் முருகையா அண்ணனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு தகரமும் சிவப்புப் பெயின்டும் கொண்டுவந்தார்.

"நீ எழுத்துக்குத்தானே படிக்கிற. மண் சரியும் இடம், நிற்காதீர்கள்னு பெருசா, தெளிவா எழுதிருப்பா."

பெரிதாகத்தான் எழுதினேன். தெளிவுக்கு என் கலை இடம் கொடுக்கவில்லை. பலகையை வெடிப்பின் ஓரத்திலேயே நட்டுவிட்டு, உலகத்தைக் காப்பாற்றியவனைப் போல இறங்கி வந்தேன்.

சில நாள் கழித்து, தூறலில் அதைப் படம் பிடிக்கலாமென்று காலையில் ஏறினேன். பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு பலகைக்கு முன்னால் நின்றார்கள். என் அக்கா சரசுவும் நின்றாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். பலகையின் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதன்மேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் தோட்டங்களில் உயிருக்கு ஆபத்தான இடத்திலெல்லாம் ஒரு சாமி இருக்கும். கொழுந்து அரைக்கிற இயந்திரத்துக்கு ஒரு முனி, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்திக்கு ஒரு சாமி. வெடித்த மலையைப் பிடித்து நிறுத்த யாரோ புது முனியை வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று இவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நிற்காதீர்கள் என்று நான் எழுதிய இடத்தில் தினமும் வரிசையாக நின்றிருக்கிறார்கள்.

"அக்கா, இது போர்டு. இங்க நிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்."

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "எழுத்தாடா இது? நாக்கு எது, பல்லு எதுன்னு இங்க சண்டையே நடந்துச்சு."

"மல வந்தா சாமி புடிக்குமா? பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னாங்கல்ல?"

"போயி? மழ விட்டதும் திரும்பி இங்கதானே வரணும். வேற எடம் இருந்தா நாங்க ஏன்டா தகரத்தக் கும்பிடுறோம்?"

படமாவது எடுக்கலாமென்று பலகைப் பக்கம் திரும்பினேன். அப்போது மேலேயிருந்து ஒரு கல் உருண்டது.

நான் ஓடினேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அம்மா" என்று அலறிக்கொண்டு, தேயிலைக்குள் புகுந்து, தண்ணீர் வடியும் கானில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து ஓடினேன். அக்காவைத் தள்ளிவிட்டு ஓடியதாக அவள் இன்றும் சொல்கிறாள். பொய். கூடையை மட்டும்தான் தட்டிவிட்டேன்.

அதிகாரிகள் சொல்லியும் அசையாத லயம், என் முகத்தைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தது. பள்ளிக்கூடத்தில் மூச்சு வாங்க நின்றவர்கள், எவ்வளவு பெரிய கல் என்று கேட்டார்கள். கையை அகல விரித்தேன். அக்கா வந்து சேர்ந்து என்னைப் பார்க்கப் பார்க்க, கைகள் தாமாகவே நெருங்கி வந்து தேங்காய் அளவில் நின்றன.

சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். முருகையா அண்ணன் தகரத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் சாதாரண எழுத்தில் தானே எழுதினார். மஞ்சள் பூசிய கல்லை எடுக்க மட்டும் பெண்கள் விடவில்லை. கொழும்பில் என் எழுத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. உணர்ச்சி ததும்புகிறதாம்.

லயத்துப் பிள்ளைகளுக்கு, என்னைப் போலவே அலறிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை ஓடுகிற ஒரு விளையாட்டு கிடைத்தது. அதன் பெயர் 'ரவி ஓட்டம்'. (ரவி நான்தான்.)

சில வருடங்கள் கழித்து, விடாத மழையில் ஒரு பகல், பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன அக்கா, வருவது தண்ணீரல்ல, சேறு என்று கண்டாள். விளக்கம் சொல்ல அவளுக்கு நேரமில்லை. "ரவி ஓட்டம் ஓடுங்க" என்று கத்தினாளாம். யாரும் கல்லின் அளவைக் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோதே மலை வந்தது. பலகை, சாமி, கட்டியிருந்த ஆடுகள், நான் பிறந்த ஒற்றை அறைக் காம்பிரா, எல்லாம் அடியில் போயின. தலை எதுவும் குறையவில்லை.

நெடுநாள் தகரக் கொட்டகையில் கிடந்த பிறகு அவர்களுக்கு வீடு கிடைத்தது. அந்த வீடுகளுக்குப் பின்னாலும் ஒரு மலை நிற்கிறது.

போன மாதம் போயிருந்தேன். அங்கிருக்கும் பிள்ளைகள் எனக்கே ஓடிக் காட்டினார்கள். கையைத் தூக்கி, அலறி, போகிற போக்கில் ஒரு கூடையையும் தட்டிவிட்டு. வேகம் என்னைவிட அதிகம். அக்காவுக்கு மட்டும் திருப்தியில்லை. முகத்தில் பயம் பத்தவில்லையாம்.

அப்போது தூறல் விழுந்தது. நான் மெல்லத் திரும்பி மலையைப் பார்த்தேன்.

"இந்தா, மாமா மொகத்தப் பாருங்க" என்றாள் அக்கா. "இப்புடி இருக்கணும்."