மரைக்காரின் கைக்கு மூன்று விரல் குறைவு

அளந்து பார்க்காமல் எதையுமே நம்பாத மனிதர் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஒருவர்தான். மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊரூராக விற்கும், ஊருக்கே அண்ணன் முறையான முழக்கோல் காக்கா. மாப்பிள்ளையாகப் பாயில் உட்கார்ந்தவர், அந்தப் பாயை அளந்து, "மாமா, நாலு விரல் குறையுது" என்று மாமனாரிடம் சொன்னாராம். பெண்ணைக் கொடுத்தார்களே, அதுதான் ஆச்சரியம்.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஜாம் போத்தலில் ஒரு மீனோடு வந்தார். சுண்டுவிரல் நீளம், உடம்பெல்லாம் கவசம், வாய் மட்டும் அடிவயிற்றுப் பக்கம். தென்னமெரிக்க ஆற்றுக் கெளிறாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும்.

"போத்தலுக்கேத்த மாதிரித்தான் வளருமெண்டு கடைக்காரன் சொன்னான்" என்றபடி தேத்தண்ணிக் கடை மேசையில் போத்தலை வைத்தார். அவர் கையிலிருந்த பிளேன்டீ வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றது. "அப்ப ஹவுள்ள விட்டா?"

அந்த நிமிஷத்தில் பிறந்ததுதான் எல்லாம். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் நாங்கள் கைகால் கழுவி வுளூச் செய்யும் தொட்டிதான் ஹவுள். அதன் பாசியில் வழுக்கி விழாதவர் ஊரில் இல்லை. பாசி போகுமென்ற ஆசையில் மரைக்காரும் சம்மதித்தார். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில்.

பாசி போனது. மீன் வளர்ந்தது. வெள்ளரிக்காயைக் கல்லில் கட்டி இறக்கி, காக்கா அதை மேலும் வளர்த்தார். மூன்றாம் வருஷம் அக்கரைப்பற்று மாப்பிள்ளை ஒருவர் கால் கழுவும்போது குதிகாலை உறிஞ்சிவிட்டது. அவர் சாரனை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடியதை ஊரே பார்த்தது.

மரைக்கார் கொதித்துப்போனார். "இது மீனா, முதலையா? நோன்புக்கு முந்தி ஹவுள் இறைக்கக்குள்ள கறிச்சட்டியில ஆணமாப் போகும்!"

"இன்னும் வளர்ந்து முடியல்ல மரைக்கார். ஒரு முழம் வரும்."

"வருமா? வந்தா கிடக்கட்டும். வராட்டிச் சட்டி. ஆனா உன்ட கோலை நம்பமாட்டன். என்ட கைதான் முழம்."

ஊரிலேயே நெட்டை மரைக்கார்தான். கை முழங்காலைத் தொடும். காக்கா அசரவில்லை. "ஓம், உங்கட கைதான்" என்றார்.

தண்ணீர் இறைத்த அன்று ஜமாஅத் முழுக்க அங்கே. எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு வேலைக்கு அலைந்த நானும் முன்வரிசையில். மீனை நனைந்த சாக்கில் கிடத்தினோம். மரைக்கார் வுளூவுக்குச் சுருட்டுவது போலவே சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிப் பக்கத்தில் வைத்தார். வால் முழங்கையில். தலையைத் தாண்டி மூன்று விரற்கடை கை நீட்டிக்கொண்டிருந்தது.

மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. மரைக்கார் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாக விரல்களை மடக்கிக்கொண்டார்.

"சரி. முழம்தான். தண்ணிய விடுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கூட்டம் எழும்ப, காக்காவின் குரல் வந்தது. "விரலை நீட்டுங்க மரைக்கார்."

"அடே விசரா, உன்ட மீனைத்தானே காப்பாத்துறன்!"

"பொய் முழத்தில தப்பின மீன் எனக்கு வேணாம். இன்னும் ஒரு வருஷம் தாங்க. வளரும்."

மரைக்கார் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார். "தந்தன். அப்பவும் குறைஞ்சா ஆணம்தான். சபையில சொல்லுறன்" என்றார். மறுநாள் மரைக்கார் வீட்டிலிருந்தே வெள்ளரிக்காய் வந்தது. கொடுத்தனுப்பியது யாரென்று கேட்கவேண்டாம் என்ற கட்டளையோடு.

அந்த ஒரு வருஷம் இப்போது முடிகிறது. அடுத்த கிழமை ஹவுள் இறைக்கிறோம். உம்மாவின் வெள்ளரிக் கொடியை நானே மொட்டையடித்துவிட்டேன். இந்த முறை வாலைப் பிடிக்கப்போவதும் நான்தான். ஒரு நூல்கூட இழுத்து நீட்டக்கூடாது என்று காக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கொடுத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.